நீங்கள் இல்லாத படம்

அர்த்தநாரி மடத்துக்கு வந்து சேர்ந்தபோது தோளில் ஒரு துணிப்பையும் கழுத்தில் ஒரு கேமராவும் தொங்கின. சேர்வராயன் மலையில் மார்கழிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

மடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, பின்னால் காப்பிச் செடியும் ஆரஞ்சு மரமுமாக ஒரு தோட்டம், இரண்டையும் பார்த்துக்கொள்ள நாச்சியாரம்மா. எல்லோரும் அம்மா என்று கூப்பிட்டாலும் அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அர்த்தநாரிக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. அவரும் கூச்சம் பார்க்காமல் அம்மா என்றே கூப்பிட்டார்.

இராசிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அந்தப் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் பாதி அவர் எடுத்தவை. "இங்க பாருங்க" என்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் மணப்பெண்ணிலிருந்து சமையல்காரர் வரை நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்க்காத குழந்தைக்குச் சாவிக்கொத்தை ஆட்டுவார்.

"என்ன காரியமா வந்தீங்க ஐயா?" என்று கேட்டார் அம்மா.

"சம்சாரம் போன மாசியில தவறிட்டாங்க. பாவாயின்னு பேரு. கண்ணை மூடினா அவ முகம் வரமாட்டேங்குது. நான் எடுத்த போட்டோதான் வருது."

"போட்டோவுல இருக்கறதும் அவங்கதானே?"

"இல்லீங்கம்மா. மோவாயைத் தூக்கிக்கிட்டு யாரோ ஒருத்தி இருக்கா. வர்ற மாசியில வருசத் திதி. அந்தப் போட்டோவுக்கு முன்னாலதான் உக்காரணும். யாரோ முகந்தெரியாதவங்களுக்குச் சோறு வெக்கற மாதிரி இருக்குமுங்க. எனக்கு அவ முகம் வேணும். எப்படி வரும்னு சொல்லுங்க."

அம்மாவின் பார்வை கேமராவின் மேலேயே இருந்தது.

"இதுல தூரத்துல இருக்கறதும் தெரியுமா?"

"நல்லாத் தெரியுமுங்க."

"அப்ப எனக்கு ஒரு வேலை பண்ணிக் குடுங்க. தோட்டத்துக்கு ஒரு ஆறுமணிக்குருவி வந்திருக்கு. கிட்டப் போனா ஓடிருது. படம் புடிச்சுக் காட்டுங்க."

ஆறுமணிக்குருவி வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வந்து தங்கும் பறவை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும். மற்ற நேரமெல்லாம் தரையில் சருகைப் புரட்டிப் புழு தேடும். பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, வயிற்றுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. வால் மட்டும் துணி போதாமல் தைத்த சட்டைக் கை மாதிரி கட்டையாக இருக்கும். பங்குனி பிறந்தால் கிளம்பிவிடும்.

அர்த்தநாரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் கேமரா கையில் ஏறியதும் பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டது. சீக்கிரமே படங்களோடு வந்து அம்மாவின் முன் உட்கார்ந்தார். கேமராவின் பின்புறத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். இறகு இறகாகத் தெரிந்தது. கண்ணில் வானம்கூடத் தெரிந்தது.

அம்மா ஆசையோடு எல்லாவற்றையும் பார்த்தார். ஆரஞ்சு மரத்தடியில் எடுத்தது, கிணற்றடியில் எடுத்தது, சருகுக் குவியல் மேல் எடுத்தது.

"ஏனுங்க ஐயா, எல்லாத்துலயும் உங்களையே பாக்குதே?"

அர்த்தநாரிக்குப் பெருமை தாங்கவில்லை. மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து லேசாக ஆட்டினார். "இந்தச் சத்தத்துக்கு அப்படியே நிமிர்ந்து நிக்குமுங்க. அந்த நேரம் பார்த்து அமுக்கிரணும். அதானுங்கம்மா தொழில்."

"சரி, நீங்க இல்லாதப்ப இது என்ன பண்ணும்?"

"அது எப்படிங்க எனக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியலை. தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு. நீங்க இல்லாத படமா ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

"எதுலயும் நான் இல்லீங்களே?"

"எல்லாத்துலயும் இருக்கீங்க. அது யாரைப் பாக்குது பின்ன?"

அர்த்தநாரி சாவிக்கொத்தை மடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். பலா மரத்துக்குப் பின்னால் நின்று எடுத்தார். குருவி பலா மரத்தைப் பார்த்தது. கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, அதில் ஓட்டை போட்டு, ஓட்டை வழியாக எடுத்தார். குருவி கோணிச் சாக்கைப் பார்த்தது. வேலியோரம் போன பால்காரரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கும் ஒரு யோசனை அவருக்குத் தோன்றியது. செங்கல்லின் மேல் கேமராவை வைத்து, அதுவாகவே விட்டு விட்டு எடுக்கும்படி முடுக்கிவிட்டு, கடைவீதிக்கு நடந்து போய் டீ குடித்தார். இப்போது தோட்டத்தில் அவர் இல்லவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் முதலில் வெறும் சருகாகச் சில படங்கள். கடைசியில் குருவி கழுத்தை நீட்டிக் கேமராவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். "பாவம், உள்ள ஆரு இருக்கறதுன்னு தேடுது."

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

"நான் என்ன கேட்டு வந்தேன், நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீங்கம்மா? என் பொண்டாட்டி முகம் போயிருச்சுன்னு வந்தேன். என்னைக் கொண்டுபோய்க் குருவி பின்னால அலைய விட்டுட்டீங்க. தை பாதி போயிருச்சு. நான் வெறுங்கையோட போய் அந்தப் போட்டோ முன்னால உக்காரணும்."

"நீங்க கோவிச்சுக்கறது நியாயந்தான்" என்றார் அம்மா. அவர் குரல் மாறவில்லை. "படம் புடிச்சது போதும், விடுங்க. காப்பிச் செடிக்கு அடியில களை மண்டிக் கெடக்கு. கொஞ்சம் புடுங்கிக் குடுங்க."

"கேமரா?"

"சமையக்கட்டு ஜன்னல்ல இருக்கட்டும்." பிறகு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எதைங்க அமுக்கறது?"

அர்த்தநாரி வேண்டாவெறுப்பாகக் காட்டினார்.

களை எடுக்கப் போனவர் முதலில் பாதி நேரம் சுற்றுமுற்றும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குருவி இங்கே இருக்கிறதா, அங்கே இருக்கிறதா என்று கழுத்து வலித்தது. அது கண்ணில் படவே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் கழுத்துக்குப் பதில் முதுகு வலித்தது. குருவியின் நினைப்பு மெல்ல விட்டுப்போனது.

பனியில் ஊறிய மண், இழுத்தால் வேரோடு வந்தது. வேரைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு அவர் குத்துக்காலிட்டபடியே நகர்ந்துகொண்டிருந்தார். உதிர்ந்த மண்ணில் புழுக்கள் நெளிந்தன. சில சமயம் மனதுக்குள் பாவாயியோடு சண்டை போட்டார். சில சமயம் ஒன்றுமே நினைக்கவில்லை. அம்மா கேட்ட படம் அவருக்கு மறந்தே போயிற்று.

ஒரு நாள் காலையில் கைகழுவச் சமையல்கட்டுக்கு வந்தவரிடம் அம்மா கேமராவை நீட்டினார்.

"சரியா வந்திருக்கான்னு பாருங்க."

ஒரே ஒரு படம். அர்த்தநாரியின் ஸ்டுடியோவில் யாராவது இப்படி எடுத்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். தோட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஜன்னல் கம்பி குறுக்கே ஓடியது. நடுவில் ஒரு கிழவர் குத்துக்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், ஆறுமணிக்குருவி. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால்களை அகல ஊன்றி, மண்ணுக்குள்ளிருந்து ஒரு நீளப் புழுவைப் பலம் கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

"இது எப்பங்க?"

"தினமும்தான். நீங்க நகர நகர அதுவும் பின்னாலயே வருது. நீங்கதான் பாக்கறதில்லை. என்னமா இழுக்குது பாத்தீங்களா? புழு சட்டுனு விட்டுட்டா மல்லாக்க விழுந்துரும். ஒரு தடவை விழுந்துச்சு."

அர்த்தநாரி குருவியைப் பார்த்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கி அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க ஐயா?"

"வாயைப் பாருங்கம்மா."

வாயோரத்தில் நாக்கின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இந்தப் பழக்கம் கெடையாதுங்க."

"இருக்குதே."

"இது அவளுதுங்க." அர்த்தநாரி திரையில் அந்த வாயோரத்தில் விரலை வைத்தார். "கீரை ஆயும்போது இப்படித்தான் நாக்கை நீட்டிக்கிட்டு இருப்பா. ஊசியில நூல் கோக்கும்போதும் இப்படித்தான். கேமராவைத் தூக்கினா சட்டுனு உள்ள இழுத்துக்குவா. ஒரு நாள் ஸ்டுடியோவுல பூக் கட்டிட்டு உக்காந்திருந்தா. நான் லைட்டைப் போட்டதுகூடத் தெரியாம நாக்கு வெளியவே இருந்துச்சு. அப்பவே அமுக்கியிருக்கலாம். நான்தான் சத்தம் போட்டேன். நாக்கை உள்ள போடு, மோவாயைத் தூக்கு, இங்க பாருன்னு."

"பாத்தாங்களா?"

"பாத்தா. அந்தப் போட்டோதான் மாலை போட்டு மாட்டியிருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு அசையாமல் நின்றார். தோட்டத்தில் சருகு புரளும் சத்தம் கேட்டது.

"பூக் கட்டறாங்கம்மா" என்றார் அர்த்தநாரி, கண்ணைத் திறக்காமல். "குனிஞ்சுதான் இருக்கா. என்னைப் பாக்கலை." மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது. அதை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. சந்தோஷம் அவருக்கு வந்து வெகு நாளாகியிருந்தது.

மாசி பிறப்பதற்குள் அவர் ஊருக்குக் கிளம்பினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர், தொழில்காரர் அல்லவா, மனது கேட்காமல் திரும்பி வந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். நீங்க கேட்டது நான் இல்லாத படம். இதுல பாதிப் படம் நான்தானுங்களே உக்காந்திருக்கேன்?"

அம்மா முறத்தில் இருந்த கீரையிலிருந்து நிமிரவில்லை.

"எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. குருவிகிட்ட கேட்டேன். அங்க ஆரும் இல்லையேன்னுது."