மலிவான கியர் ஆயிலைச் சங்கம் தேர்ந்தெடுத்த விவரம்

எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது, புளியங்காட்டுச் சந்தையில் எங்கள் சுமைதூக்குவோர் சங்கத்தின் கொடிக்கம்பத்தைப் பிடுங்கி அதில் தராசு கட்டினார்கள். இரண்டாவது, அந்தத் தராசு எடையைக் குறைத்துக் காட்டியது. மூன்றாவது, அதைக் கண்டித்து நான் எழுதிய துண்டறிக்கையில் வறுகடலை மடித்தார்கள். நான்காவது, அந்தக் கடலையை எங்களுக்கே விற்றார்கள். ஐந்தாவது, கியர் பாக்ஸ்.

சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு லோடு வண்டி உண்டு. புதன்கிழமை காலை பத்து மணிக்குள் அது சந்தைக் கமிட்டி வாசலில் நின்றால், ஆண்டு முழுவதும் வெங்காயம் ஏற்றும் வேலை எங்களுக்கு. நிற்காவிட்டால் காண்ட்ராக்டருக்கு. முப்பது குடும்பத்தின் சோறு இதில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி நறநறவென்று பல்லைக் கடித்தது.

மெக்கானிக் சலீம் பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"உள்ள இருந்த ஆயில் சுத்தமா வத்திப் போச்சு. விலை கூடினது வேணாம், கம்பெனி பேரும் முக்கியமில்ல. டப்பா மேல எண்பது-தொண்ணூறுன்னு கெட்டி நம்பர் எழுதியிருக்கணும். தண்ணியா ஓடக் கூடாது, கெட்டியா இருக்கணும். ஊத்தும்போது வழிஞ்சா நிறுத்திடுங்க."

இவ்வளவு சொல்லிவிட்டு மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

தலைவர் குப்பாண்டி, பொருளாளர் சூசை, ஓட்டுநர் மாயழகு, செயலாளராகிய நான் என்று செயற்குழு முழுவதும் ஆயில் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். சூசை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்பதுல இருந்து தொண்ணூறு வரைக்கும் முழுசா எங்களுக்கு எதுக்குங்க? எண்பத்தஞ்சு வரைக்கும் குடுத்து, விலையில பாதியக் குறைச்சுக்குங்க."

கடைக்காரர் டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைத்தார். முதலாளி வர்க்கம் விவாதத்துக்கு வராது என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன்.

சங்க அலுவலகத்தில் கூட்டம் தொடர்ந்தது.

"பாய் என்ன சொன்னார்?" என்றார் தலைவர். "ஒண்ணு, கெட்டியா இருக்கணும். ரெண்டு, டப்பாவுல எழுதியிருக்கணும். ஆயில்தான் ஊத்தணும்னு சொன்னாரா?"

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆயில் வற்றிப்போனது என்று சொல்லியிருந்தார். அடுத்து என்ன ஊற்ற வேண்டும் என்று சொல்லவில்லை.

"நம்மகிட்ட கெட்டியா என்ன இருக்கு தோழர்?"

"சுவரொட்டிப் பசை இருக்கு," என்றார் மாயழகு. "மைதா காய்ச்சினது. அடுப்புலதான் இருக்கு."

"விலை?"

"வீட்டு மாவு."

இதைவிட மலிவாக ஒன்றை எந்தக் கம்பெனியும் தர முடியாது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. பசை வாளியின் மேல் சிவப்புப் பெயிண்டில் 80-90 என்று நான் எழுதினேன். முப்பது வருடம் சுவரில் எழுதிய கை. நடுக்கோடுகூடக் கோணவில்லை.

ஊற்றும்போது சூசையின் காலில் கொஞ்சம் வழிந்தது. உடனே நிறுத்தினோம். மறுபடி தொடங்கத் தனித் தீர்மானம் தேவைப்பட்டது. மூன்றுக்கு ஒன்று என்று நிறைவேறியது. எதிர்த்தவர் சூசை. கால் சுட்டதாம்.

புதன் காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். முதல் கியர் தேரடி வரை வந்து நின்றுகொண்டது. இரண்டாவது, அரிசி ஆலை வரை. மூன்றாவதும் நான்காவதும் விழவே இல்லை. கமிட்டி வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. மணி ஒன்பது ஐம்பது.

"தள்ளிட்டுப் போயிரலாமா?" என்றார் சூசை.

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாலும் சொல்லிவெச்ச மாதிரி நின்னிருக்கு. இது பழுதா, வேலைநிறுத்தமா?"

"நோட்டீஸ் குடுக்கலையே தோழர்."

"நேத்து முழுக்க நறநறன்னுச்சே, அது என்ன?"

எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. முன்னறிவிப்பு, ஒற்றுமை, கட்டுப்பாடு எல்லாம் இருந்தன.

"அவங்க நிறுத்தின வேலைய நாம கையால செஞ்சா நமக்குப் பேரு என்ன சூசை?"

சூசை வண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். நால்வரும் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஆதரவு முழக்கம் எழுப்பினோம். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மாயழகு மட்டும் ஏறி, கியர் கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

"தோழர், ரிவர்ஸ் விழுது. வளைச்சுத் திருப்பிப் பின்பக்கமாவே போனா ரெண்டு நிமிஷத்துல வாசல்ல நிக்கலாம்."

தலைவரின் முகம் சிவந்தது.

"நாலு பேரு வயித்தக் காயப்போட்டு நிக்கிறான். இவன் ஒருத்தன் மட்டும் வேலைக்குப் போறானா?"

என் அனுபவத்தில் எத்தனையோ கருங்காலிகளைப் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில், சங்கத்தின் கண்ணெதிரே இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை. விதிப்படி, டீக்கடையிலிருந்து இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டு வந்தோம். ஒருவர் டம்ளரோடு வந்தார். பானெட்டின் மேல் நீக்கல் உத்தரவை வைத்து எழுதினேன். தகப்பன் பெயருக்கான இடத்தில் கொஞ்சம் தயங்கினேன், சூசை சொல்லிக்கொடுத்தார்.

சந்தை மணி பத்து அடித்தது. காண்ட்ராக்டரின் லாரி எங்களைக் கடந்து உள்ளே போனது. அதன் இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து, சாட்சிகள் இருவருக்கும் தெளிவாகக் கேட்கும்படி நான் வாசித்தேன்:

"கியர் பாக்ஸ் மகன் ரிவர்ஸ்."