பகலில் தெரியாத தீ

"தாயே, அறுபதுன்னு எழுதவா, முப்பதுன்னு எழுதவா?"

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே மாசானம் கேட்டுவிட்டார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. மடத்தை நடத்தும் குருவம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதை எழுத?"

"காத்தாடிக் கரண்டை வச்சுத் தண்ணியப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கோம். தொட்டியில அடைச்சு வைக்கோம். காத்து இல்லாத மாசம் அதையே திரும்பக் கரண்டாக்குதோம்."

"நல்ல காரியம்தானே."

"நூறு யூனிட் உள்ள போனா முப்பதுதான் வெளிய வருது. மிச்சமெல்லாம் வழியிலேயே சூடாப் போயிருது. இருபத்திரெண்டு வருசம் முட்டிப் பாத்துட்டேன். முப்பதைத் தாண்டல."

மகள் கல்யாணப் பந்தலில் நின்றுகொண்டு, தொட்டியில் அழுத்தம் எவ்வளவு என்று போனில் விசாரித்த மனிதர் அவர். அந்த ஹைட்ரஜன் நிலையத்தைக் கட்டி நடத்தியதைத் தவிர வாழ்க்கையில் உருப்படியாக எதையும் செய்யவில்லை என்று அவருக்கே தெரியும். இப்போது அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

"அறுபது எங்கேருந்து வந்தது?"

"ஹைட்ரஜன் கையில வந்த பிறகு எண்ண ஆரம்பிச்சா அறுபது. அது பொய் இல்ல தாயே. பாதி வழியில இருந்து எண்ணினது. அவ்வளவுதான்."

குருவம்மா ஒரு கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"நாளைக்கு மேலிடத்துல இருந்து வாராங்க. அறிக்கையில அந்த ஒரு எண்ணை மட்டும் காலியா விட்டிருக்கேன். முப்பதுன்னு போட்டா நிலையத்தை மூடிருவாங்க."

"அறுபதுன்னு போட்டா?"

"இதே மாதிரி நாப்பது ஊருல கட்டுவாங்க. அதை நம்பி, கரண்டைச் சேத்து வைக்க இருக்கிற மத்த வழியையெல்லாம் விட்டுருவாங்க."

குருவம்மா கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"உங்க தீயை எனக்குக் காட்டுங்க."

நிலையம் மலைக் கணவாயின் அடியில், மடத்திலிருந்து கூப்பிடு தூரம். உச்சி வெயில் கொளுத்தியது. மாசானம் தள்ளி நின்று விசையைத் தட்டி, முற்றத்தில் சோதனைக்காக நட்டிருந்த ஹைட்ரஜன் குழாயைப் பற்றவைத்தார்.

"எங்க?"

"எரியுது தாயே. வெயில்ல கண்ணுக்குத் தெரியாது."

குருவம்மா பார்ப்பதற்காக ஒரு எட்டு முன்னே வைத்தார். மாசானம் பதறிக் குறுக்கே பாய்ந்தார்.

சுவரில் சாய்த்திருந்த வாரியலை எடுத்தார். துடைப்பத்துக்கு அந்தப் பக்கம் அதுதான் பேர். நீள மூங்கில் கம்பில் கட்டியது. அதை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நடந்தார். எட்டாவது அடியில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வாரியல் குப்பென்று பற்றிக்கொண்டது.

"இங்க இருக்கு," என்றார் மாசானம். "கருவியெல்லாம் வாங்கி வச்சிருக்கோம். ஆனாலும் எனக்கு இதுலதான் நம்பிக்கை. கண்ணை நம்பி நடந்தா நேரா தீக்குள்ள போய் நின்னுருவோம்."

"வாரியல் இல்லாம யாரையாவது இந்தப் பக்கம் விட்டிருக்கீங்களா?"

"அதெப்படித் தாயே விடுவேன்?"

குருவம்மா அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார். அறிக்கை அதில்தான் மடித்து இருந்தது.

மாசானம் திரும்பி வந்து குழாயை அடைத்தார். அந்த நாற்பது ஊரும் அவர் கண்முன் வந்து நின்றன. புரியாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு அறிக்கையை எடுத்துச் சுவரில் வைத்து விரித்தார். காலியாக விட்டிருந்த இடத்தில் முப்பது என்று எழுதினார். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

காலடியில் வாரியல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஈர்க்குகள் கருகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

"வாரியல் எரிஞ்சு போச்சே தாயே."

"தீயைக் காட்டுற வாரியல் எரியத்தான் செய்யும்," என்றார் குருவம்மா.