கடுகு துரத்திய வேட்டைநாய்

சொக்கப்ப ராஜாவுக்கு அரண்மனை இருந்தது, அந்தப்புரம் இருந்தது, பட்டத்து யானைகூட ஒன்று இருந்தது. அது கோயில் யானை. திருவிழா இல்லாத நாட்களில் ராஜாவுடையது. முயல்தான் இல்லை.

அந்தச் சீமையில் எந்தக் கோட்டைக்குப் போனாலும் ஒரு முயல் கதை சொல்வார்கள். பாட்டனார் வேட்டைக்குப் போனாராம், முயல் ஒன்று திரும்பி நின்று நாயைத் துரத்தியதாம், இது வீரம் விளைந்த மண் என்று அங்கேயே கோட்டை கட்டினாராம். சொக்கப்ப ராஜாவின் பாட்டனாரோ, தண்ணீர் நன்றாக இருக்கிறதென்று இங்கே கட்டிவிட்டார். விருந்துக்குப் போன இடத்திலெல்லாம் ராஜாவுக்கு இதனால் தலைகுனிவு.

அப்படிப்பட்டவரின் கண்ணெதிரே ஒரு நாள் காலை, கடுகு பீமனைத் துரத்தியது.

கடுகு, பரங்கி வியாபாரி ஒருவன் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போன குட்டை நாய். பஞ்சுப்பொதிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். பீமன், பன்றி வேட்டைக்குப் போகிற கோம்பை நாய். முற்றத்தில் கடுகு வள்ளென்று பாய, பீமன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லாயத்துக்குள் போய்விட்டது.

ராஜா எழுந்து நின்றுவிட்டார். "முயலாவது முயல்! நம் மண்ணில் குட்டிநாயே வேட்டைநாயைத் துரத்துகிறது!"

பக்கத்தில் நின்றவர் தளவாய் ரணதீரர், ராஜாவின் மைத்துனர். ரணதீரர் என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர். "மகாராஜா, இது சகுனம்! மேலக்கோட்டை மேல் படையெடுக்கச் சொல்கிறது. நீங்கள் கிளம்புங்கள். நான் உங்களுக்குப் பின்னால் மலைபோல நிற்கிறேன்" என்றார்.

மேலக்கோட்டைக்கு யானை மட்டுமே ஒரு தோப்பு நிறைய இருந்தது. அதை யாரும் நினைவூட்டவில்லை.

"மங்கைபாகரே! நாளைக்கே தூது போய்ப் போர் என்று சொல்லிவிட்டு வாரும்" என்றார் ராஜா.

அரசவையில் புத்திசாலி என்று பெயரெடுத்தவர் மங்கைபாகர். அந்தப் பெயரை எடுத்திருக்கவே வேண்டாம் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. போன வருஷம் கப்பத்தைக் குறைக்கச் சொல்லி மேலக்கோட்டைக்குப் போன தூதன் மீசை இல்லாமல் திரும்பியிருந்தான். போர் என்று சொன்னால் மீசையைத் தனியாக எடுக்கமாட்டார்கள். தலையோடு சேர்த்தே எடுப்பார்கள்.

அவர் பயத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"போகிறேன், மகாராஜா. ஆனால் அங்கே இதை அடித்துச் சொல்ல வேண்டுமே. இன்னொரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் தைரியமாகச் சொல்வேன்."

"பாருமே!"

பீமனைக் கொண்டுவந்து முற்றத்தில் அவிழ்த்துவிட்டார்கள். ராஜாவின் காலடியில் நின்ற கடுகு ஆகாயம் கிழியக் குரைத்தது. பீமன் ராஜாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டது. முன்பு ஒரு தடவை அது திருப்பி உறுமியதற்குச் சவுக்கடி கிடைத்தது. கடித்த கடுகுக்கு அதிரசம் கிடைத்தது. அன்றோடு இரண்டு நாய்க்கும் அரண்மனை நியாயம் விளங்கிவிட்டது.

"வீரம் மண்ணில்தானே இருக்கிறது? மகாராஜா கொஞ்சம் பின்னால் போனால் என்ன?" என்றார் மங்கைபாகர்.

ராஜா பின்னால் போனார். கடுகு திரும்பிப் பார்த்தது. அதுவும் பின்னால் போனது. குரைப்பு மட்டும் குறையவில்லை.

"இன்னும் கொஞ்சம். அந்தக் கதவுக்குப் பின்னால்."

ராஜா மறைந்தார். கடுகு திரும்பிப் பார்த்தது. கதவுதான் தெரிந்தது. குரைப்பு பாதியில் நின்று, கீச்சென்று ஏதோ வந்தது. பீமன் எழுந்து, சோம்பல் முறித்து, இது என்ன சாமான் என்று முகர்ந்து பார்க்கப் பக்கத்தில் வந்தது. அவ்வளவுதான். வாலைக் கவட்டில் செருகிக்கொண்டு கடுகு கதவிடுக்கில் நுழைந்தது. ராஜாவின் கால் தட்டுப்பட்டதும், உள்ளேயிருந்து மறுபடியும் வள்!

பயந்துபோன பிராணி பக்கபலத்தில் போடுகிற சத்தம் அது. ராஜாவுக்கே புரிந்திருக்கும் என்று மங்கைபாகர் மூச்சு விட்டார்.

கதவு திறந்தது. ராஜாவின் முகம் பூரித்துப் போயிருந்தது.

"பார்த்தீரா! வீரம் மண்ணில் இல்லை ஐயா, என்னிடத்தில் இருக்கிறது! நானே படைக்கு முன்னால் நிற்கிறேன். நீர் இன்றைக்கே கிளம்பும்!"

நாளைக்குப் போகவேண்டிய தலை இன்றைக்கே போவதாக ஆயிற்று. மங்கைபாகர் கைகூப்பினார்.

"உண்மை, மகாராஜா. கடுகு முன்னால் நின்றது, பின்னால் நீங்கள் நின்றீர்கள். அதனால்தான் அது குரைத்தது. மேலக்கோட்டையில் நீங்கள் முன்னால் நிற்பீர்கள். அங்கே பின்னால் நிற்பது யார்?"

"என்ன கேள்வி இது? தளவாய்!" என்று ராஜா பெருமையாகத் திரும்பினார்.

தளவாயின் வாள் தரையில் கிடந்தது. தலைப்பாகை கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. தளவாயைக் காணோம்.

எல்லோரும் தேடினார்கள். முற்றத்து வேப்பமரத்தின் உச்சாணிக் கிளையில் இருந்தார். பீமனை அவிழ்த்துவிட்டபோதே ஏறியிருக்க வேண்டும்.

"மைத்துனரே, அங்கே என்ன செய்கிறீர்?" என்று கேட்டார் ராஜா.

"எதிரி வருகிறானா என்று வேவு பார்க்கிறேன், மகாராஜா."

"வருகிறானா?"

தளவாய் மரத்தடியைப் பார்த்தார். அங்கே பீமன் படுத்திருந்தது.

"இன்னும் போகவில்லை, மகாராஜா."

ராஜா மரத்தைப் பார்த்தார். காலடியில் நின்று மரத்தைப் பார்த்துக் குரைக்கிற கடுகைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கண்ணில் நீர் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி ஆகிவிட்டது. கையிலிருந்த காப்பைக் கழற்றி மங்கைபாகரின் கையில் மாட்டினார்.

"மேலக்கோட்டைக்குத் தூது வேண்டாம். மரத்தடிக்குத் தூது போய், பீமனிடம் சமாதானம் பேசி, என் படையைக் கீழே இறக்கிக் கொடும்" என்றார்.