செருப்பு ரப்பரில் ஒரு பூச்சி

பூச்சி கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அறவாழி ஃபிலோமினாவிடம் போனபோது அவருக்கு வயது அறுபத்தாறு. அவளுக்கு நாற்பது.

மலை ஏரியின் படகுத்துறையில் படகுகளில் விழுந்த ஓட்டைகளை அடைப்பது அவள் வேலை. மற்ற நேரத்தில் தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்டுவாள். பிய்ந்துபோன ரப்பர் செருப்பை மெல்லிய பட்டைகளாகச் சீவி, தூண்டில் முள்ளின் மேல் வைத்துத் தையல் நூலால் கட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் துண்டுகளைக் காலாக விட்டால் ஒரு பூச்சி. தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளங்கை அகல ஜிலேபி மீன்கள் அதை நிஜமென்று நம்பி மேலே வரும்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவள் கேட்டாள். ரிட்டயர்டு என்று மட்டும் சொன்னார். இது எதற்கு என்று கேட்டாள். வலது கையை நீட்டிக் காட்டினார். அது நடுங்கியது.

"இந்தக் கை இன்னும் ஏதாவது ஒண்ணை முழுசாச் செஞ்சு முடிக்குமான்னு தெரியணும்மா."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆபரேஷன் பாதியில் இருக்கும்போது உதவி டாக்டர் ஒருவர் அவர் கையிலிருந்து ஊசியை மெதுவாக வாங்கிக்கொண்டார். அன்று கழற்றிய கையுறையை அவர் திரும்பப் போடவில்லை. இதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

முதல் நாள் அவள் முள்ளை மேசையோரம் பொருத்தியிருந்த வைஸ் இடுக்கியில் மாட்டினாள். ஒரு பூச்சியை நிதானமாகக் கட்டிக் காட்டினாள். பிறகு எழுந்துகொண்டாள்.

அறவாழி நூலைச் சுற்றினார். சுற்றி முடித்ததும், முள்ளிலிருந்து பார்வையை எடுக்காமல், வலது பக்கம் உள்ளங்கையை நீட்டினார். ஃபிலோமினா ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். கத்தரிக்கோலின் பிடியை அதில் அழுத்தி வைத்தாள்.

நூலை வெட்டியபோது பூச்சி இரண்டாக விழுந்தது. நூல் ரப்பரை அறுத்திருந்தது.

மறுநாளும் அறுந்தது. அதற்கு மறுநாளும்.

நூல் தடிமனாக இருக்க வேண்டுமோ என்று கேட்டார். தடித்த நூல் கொடுத்தாள். அறுந்தது. பூதக்கண்ணாடி வேண்டுமோ என்று கேட்டார். அதையும் எங்கிருந்தோ வாங்கி வந்து கொடுத்தாள். அறுவது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. படகோட்டி கனகு தினமும் போகிற போக்கில், சார் இன்றைக்கு எத்தனை பூச்சியைக் கொன்றீர்கள் என்று கேட்டுவிட்டுப் போவான். அறவாழியும் எண்ணிக்கை சொல்வார். ஐந்து. ஏழு.

பதினோராம் நாள் காலை, முதல் பூச்சி அறுந்ததும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். நாளை முதல் வரமாட்டேன் என்றார். தெரிந்துகொள்ள வந்ததைத் தெரிந்துகொண்டேன் என்றார்.

ஃபிலோமினா புதிதாக ஒரு முள்ளை வைஸில் மாட்டினாள். நூலை அவர் விரல்களுக்கிடையில் கொடுத்து, தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"நடுங்குதேன்னு இறுக்குறீங்க சார். கட்டுறது சேத்துப் பிடிக்கத்தான். நெரிக்க இல்ல. நெரிச்சா செத்துப்போகும்."

அறவாழி நூலைப் பார்த்தார். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டார். மூன்று சுற்று தளர்வாக. நாலாவது சுற்று, ரப்பர் லேசாக அமுங்கும் அளவுக்கு. அதோடு நிறுத்தி முடிச்சுப் போட்டார்.

உள்ளங்கையை நீட்டினார். கத்தரிக்கோல் வந்தது. நூலை வெட்டினார்.

பூச்சி முழுசாக இருந்தது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை.

அதைத் தூண்டில் நரம்பில் முடிந்து இருவரும் துறையின் கடைசிப் பலகைக்குப் போனார்கள். அறவாழி தூண்டிலை வீசினார். பூச்சி விழுந்த இடத்தில் வளையங்கள் விரிந்து அடங்கின. கம்பின் நுனி நடுங்கியது. தண்ணீரில் பூச்சியின் கால்களும் நடுங்கின. கீழே ஒரு நிழல் திரும்பி மேலே வந்தது.

மீன் சின்னதுதான். முள்ளை எடுக்க நெடுநேரம் ஆனது. உதட்டில் ஒரு துளி ரத்தம்கூட இல்லை. தண்ணீருக்குள் கையைத் தாழ்த்தி அதை விட்டார். உள்ளங்கையில் ஒரு முறை துள்ளிவிட்டு அது போனது.

கனகு தூரத்துப் படகிலிருந்து இன்றைய கணக்கு என்ன என்று கேட்டான். அறவாழி அவனைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். பிறகு அதை அசைத்து, கொல்லவில்லை என்று சைகை செய்தார்.

பலகையில் உட்கார்ந்து வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ரப்பர் எப்படிம்மா செத்துப்போகும்?"

"அது ரப்பருக்குச் சொன்னதில்ல சார்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்தொரு வருடத்துக்கு முன்பு தேயிலை ஃபேக்டரி மிஷினில் தன் கை மாட்டிக்கொண்டதைச் சொன்னாள். மலைக்குக் கீழே பெரியாஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் கிடந்தபோது, தைத்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர், கூட நின்ற சின்ன டாக்டரைக் கடிந்துகொண்டதைச் சொன்னாள். சேர்த்துப் பிடி, நெரிக்காதே, நெரித்தால் தோல் செத்துப்போகும். முகம் மாஸ்க்கில் மறைந்திருந்ததாம். அவர் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டுவதும், யாரோ அதில் கத்தரிக்கோலை வைப்பதும் மட்டும் நினைவிருந்ததாம்.

அறவாழி அவள் வலது கட்டைவிரலைப் பார்த்தார். தழும்பு மடிப்பின் குறுக்கே நேராகப் போகாமல் மின்னல் கோடு போல வளைந்து போயிருந்தது. விரல் மடங்க வேண்டுமானால் அப்படித்தான் தைக்க வேண்டும். பதினொரு நாளாக அந்த விரலிலிருந்து ஓரடி தூரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டிருந்தது தன் கையை.

நன்றி சொல்ல வாயெடுத்தார். வேறொன்று வந்தது.

"அந்தக் கை இப்போ இல்லம்மா."

ஃபிலோமினா கட்டைவிரலை ஒரு முறை மடக்கினாள். நீட்டினாள்.

"இதோ இருக்கே, டாக்டர்."