பகலில் மூடும் இலை

விளக்கேற்றிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். வெளியே, ஜன்னலுக்குக் கீழே, ஒரு சத்தம். இருட்டில் யாரோ அப்பளம் கடிப்பதுபோல. ஒரு கடி. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு கடி.

செலின் மடியில் கிடந்த மகளின் காதைப் பொத்தினாள். ஜொவிட்டா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். யாருக்காகப் பொத்துகிறோம் என்று செலினுக்கே தெரியவில்லை.

ஆசிரமத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் கை அதற்குப் போகாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் அழுகையை மறைக்க அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். கணவன் ரெமிஜியுஸ் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஸ்க்ரூடிரைவர் வாங்கி வந்து, வீட்டிலிருந்த தாழ்ப்பாள்களை எல்லாம், குளியலறையில் இருந்தது உட்பட, சீட்டியடித்துக்கொண்டே கழற்றிப் போட்டான். அதற்குப் பிறகு அவள் எந்தக் கதவையும் தாழிட்டதில்லை.

சத்தம் நகர்ந்தது. ஜன்னலிலிருந்து கதவுப் பக்கம் வந்தது. நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு மணலில் இறங்கிப் போய்விட்டது.

விடிகிறவரை அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள்.

*

தேரிக்காட்டின் ஓரத்தில், செம்மணல் மேடுகள் முடிகிற இடத்தில், பெண்களுக்கென்று இருந்த சிறிய ஆசிரமம் அது. நடத்தி வந்தது பெர்னதெத் அம்மா. செலினைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். பிரசங்கம் செய்வதோ புத்தி சொல்வதோ அவளிடம் கிடையாது. வருகிறவளுக்கு ஒரு வேலை கொடுப்பாள். கேள்வி கேட்டால் அந்த வேலையைக் கொண்டே பதில் சொல்வாள். அதனால்தான் செலின் அவளைத் தன் குருவாக எடுத்துக்கொண்டாள்.

செலினுக்குக் கொடுத்த வேலை, அறைகளுக்கு முன்னால் இருந்த சரிவை மூடுவது. காற்றுக் காலத்தில் தேரி மணல் பறந்து வந்து சோற்றில் விழும். பிள்ளைகளின் கண்ணில் விழும். தரையோடு படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

"எத நடணும்னு நீயே பாத்து எடு" என்று சொல்லியிருந்தாள் அம்மா.

செலின் எடுத்தது ஒரு அகல இலைக் கொடி. படித்த கான்வென்ட் முற்றத்தில் அது பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடக்கும். இங்கே நட்டவுடன் வாடியது. தண்ணீர் ஊற்றினாள், நிமிர்ந்தது. மதியத்துக்குள் மறுபடி தலை தொங்கியது. தான் குளிக்க எடுத்து வைத்த தண்ணீரையும் கொண்டுபோய் ஊற்றினாள்.

"உன் கொடி குளிச்சு மஞ்சப் பூசி நிக்கு. நீதான் அழுக்கா அலையுத" என்று சமையல்கட்டுச் சந்தனமாரி கேலி பண்ணினாள்.

ஊற்ற ஊற்றச் செத்தது. கடைசியில் ஜன்னலுக்குக் கீழே, மிதித்தால் நொறுங்கும் சருகாகக் கிடந்தது.

அந்தச் சருகின் மேல்தான் இப்போது செருப்புத் தடம். வாசற்படியில் ஒரு பொட்டலம். மஸ்கோத் அல்வா, ஜொவிட்டாவுக்குப் பிடித்தது.

செலின் பொட்டலத்தையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள்.

*

பெர்னதெத் அம்மா கொட்டகைக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, வரிசையாக இருந்த தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தடித்த இலையோடு தரையில் ஊர்கிற கொடிகள். பல நாளாகத் தண்ணீர் காட்டாமல் வெயிலில் போட்டிருந்தாள்.

"வந்துட்டாரும்மா."

"உள்ளயா?"

"இல்ல. கதவு வரைக்கும் வந்துட்டுப் போயிட்டாரு. அவரு அப்படித்தான். மொத நாள் எதையாவது வச்சிட்டுப் போவாரு. மறுநாள் அழுதுக்கிட்டு வருவாரு."

"கேட்டுல ஆள் நிறுத்துதேன். ஆனா தேரி பூராவும் வழிதான் செலின். எல்லாத்தையும் அடைக்க என்னால ஆகாது. உன் கதவு உன் கையில."

"அதத்தான் கேக்க வந்தேன். வந்தா திறக்கவா, வேண்டாமா?"

"போன தடவ திறந்தேல்லா. என்ன ஆச்சு?"

செலின் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். போன தடவை வந்து அழுதபோது திறந்தாள். வீட்டுக்குக் கூட்டிப் போனான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒரு மாலை, அவள் தன் தாய் வீட்டுக்குப் போய்வரக் கேட்டதற்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். கைப்பிடிச் சுவர் மேல், கால் வெளியே தொங்க, பிள்ளையை உட்கார வைத்தான். ஒரு கையால் பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இப்பம் போவியா?" என்று சிரித்தான்.

மறுபடி அந்த மாடிக்கு ஏறினால் பிள்ளை இறங்கி வருமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மன்னிப்புக் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புகிறவள் பாவி என்று பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்தது, அதைவிட ஆழமாக உள்ளே கிடந்தது.

"வாயத் திற" என்றாள் அம்மா.

"என்னது?"

ஒரு தொட்டியிலிருந்து பருப்புக்கீரை இலை ஒன்றைக் கிள்ளி அவள் வாயில் போட்டாள்.

"எப்படி இருக்கு?"

"புளிக்கு."

"எம்புட்டு?"

"பல்லு கூசுது."

"எனக்கு?" என்றாள் ஜொவிட்டா. அவளுக்கும் ஒன்று கிடைத்தது. முகத்தைச் சுளித்து, "மாங்காம்மா இது" என்றாள்.

அடுத்தது பத்துமணிப் பூக்கொடி. அதன் ஊசி இலையும் புளித்தது. அதற்கடுத்து ஒன்று, பெயர் தெரியாதது. அதில் புளிப்பே இல்லை. கள்ளி வகைகளை மட்டும் அம்மா தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். அவற்றின் பாலை நாக்கில் வைக்கக் கூடாது. மற்ற எல்லாத் தொட்டியிலும் ஒவ்வொரு இலையாகச் செலின் மென்று பார்த்தாள்.

"பொழுது சாயும்போது வா. அதே கொடியில இன்னொரு இலை தாரேன்."

"அம்மா, நான் கேட்டது..."

"கேட்டது காதுல விழுந்துட்டு. போய்ச் சருகப் பொறுக்கிப் போடு."

*

பொறுக்கினாள். வேலை ஓடவில்லை. சாலையில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பிள்ளை எங்கே என்று பார்த்தாள். உச்சி வேளையில் ஒரு பைக் பாலத்தருகே நின்றது. வெகுநேரம் நின்றது. அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்றாள்.

"தபால்காரருட்டி" என்றாள் சந்தனமாரி, எட்டிப் பார்த்துவிட்டு. பிறகு அவள் முகத்தைப் பார்த்தவள், மேற்கொண்டு கேலி பேசாமல் ஒரு தம்ளர் மோரை நீட்டினாள்.

மோரைக் குடித்துவிட்டு வெளியே வந்தபோது கண் கூசியது. மணல் கொதித்தது. தொட்டிகளில் பத்துமணிப் பூக்கள் அந்த வெயிலில் சிவப்பும் மஞ்சளுமாக விரிந்து கிடந்தன. செலின் ஒரு இலையை விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் இருந்தது.

*

பொழுது சாய்ந்ததும் போனாள். அம்மா காலையில் கிள்ளிய அதே கொடியில் கிள்ளிக் கொடுத்தாள்.

"இப்பம்?"

"சப்புனு இருக்கு."

"காலையில இருந்த புளிப்பு எங்க போச்சு?"

செலின் இலையை நாக்கில் உருட்டிப் பார்த்தாள்.

"இலைக்குச் சின்னச் சின்ன வாசல் உண்டு. ராத்திரி குளிர்ச்சியில அதத் திறந்து காத்த உள்ள வாங்கி வச்சிக்கிடும். அதுதான் புளிப்பு. விடிஞ்சதும் வாசல மூடிரும். மூடிக்கிட்டு, உள்ள வச்சிருக்கத வச்சே பகல ஓட்டிரும்."

"எப்பமும் அப்படித்தானா?"

"நல்ல மழையில இதுவும் பகல்ல திறக்கும். பஞ்சம்னு தெரிஞ்சாத்தான் மூடும்."

"அப்பம் என் கொடிக்கு என்ன கேடு?"

"அது பகல் பூரா வாசலத் திறந்து போட்டுட்டு நிக்கும். வேற தெரியாது."

"நான் ஊத்துனேனேம்மா. குளிக்கிற தண்ணிய ஊத்துனேன். எனக்கு வச்சத எல்லாம் ஊத்துனேன்."

"கொடிக்கா ஊத்துன? வெயிலுக்குல்லா ஊத்துன."

செலின் தொட்டி தொட்டியாகப் போய் மென்றாள். காலையில் புளித்து இப்போது சப்பென்று போனவற்றை ஒரு பக்கம் எடுத்து வைத்தாள். மற்றவற்றைத் தள்ளினாள். பருப்புக்கீரையும் பத்துமணிப் பூவும் இன்னும் சிலவும் நின்றன.

"இத நடுதேன்" என்றாள்.

"நடு. தண்ட இப்பமே வெட்டி வச்சிருவோம். ராத்திரி வெட்டுவாய் காஞ்சிட்டுன்னா காலையில அழுகாம புடிக்கும்."

*

செலினின் அறையில் சாக்கை விரித்து இருவரும் தண்டு வெட்டினார்கள். ஜொவிட்டா பாயில் தூங்கிவிட்டாள். வெளியே நன்றாக இருட்டியிருந்தது.

காலடி கேட்கவேயில்லை. குரல்தான் கேட்டது, கதவுக்கு மிக அருகில்.

"செலின்."

அவள் கையிலிருந்த தண்டு விழுந்தது.

"ஏட்டி, நான்தான். சாப்ட்டியா? பிள்ள அல்வா தின்னாளா?"

செலின் எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தோம் என்று தெரியவில்லை. அம்மா எழவில்லை. அடுத்த தண்டை எடுத்து வெட்டினாள்.

"குடிய விட்டாச்சுட்டி. அந்தோணியார் மேல சத்தியம். வீடு வெறிச்சுனு கிடக்கு. ராத்திரி பிள்ள துணிய மோந்துக்கிட்டுக் கிடக்கேன்." குரல் உடைந்தது. "ஒரு தடவ கதவத் திற. மொகத்தப் பாத்துட்டுப் போயிருதேன்."

அவனாகத் தள்ளித் திறக்க மாட்டான். அவள்தான் திறக்க வேண்டும். 'நீதானட்டி திறந்த' என்று பிறகு சொல்வதற்கு அது வேண்டும்.

செலின் கதவடியில் நின்று திரும்பினாள்.

"அம்மா, பொழுது சாஞ்சிட்டே. இப்பம் திறக்கலாமில்லா?" அவள் குரல் கெஞ்சியது.

"அந்த இலை இருட்டப் பாத்துத் திறக்காது. சூடு தணிஞ்சிருக்கான்னு பாத்துத் திறக்கும்."

செலின் கதவுப் பலகையில் நெற்றியை வைத்தாள்.

"காலையில வாங்க. எல்லாரும் இருக்கும்போது உக்காந்து பேசுவோம்."

வெளியே செருப்பு மணலில் தேய்ந்தது.

"காலையிலயா?" குரல் இன்னும் மெதுவாகத்தான் இருந்தது. "உன் புருசன்ட்டி நான். உன்னப் பாக்க மனு கொடுத்துட்டு நிக்கணுமோ?"

"காலையில வாங்க."

ஜன்னல் கதவில் ஓங்கி ஒரு அறை விழுந்தது. விளக்கு அதிர்ந்தது. பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தது.

"திறக்கியா இல்லியா? மாடிய மறந்துட்டியோ?"

செலின் பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தாள். பிள்ளை அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் நெஞ்சு அடிப்பது இவள் நெஞ்சில் கேட்டது.

வெளியே குரல் உடனே மறுபடி இறங்கிவிட்டது.

"கோவத்துல சொல்லிட்டேன்ட்டி. எப்பமாவது உன்னக் கைவிட்டிருக்கேனா? உனக்கு என் மேல பாசமே இல்லியா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்திருக்கிறாள்.

இப்போதும் கை கதவில்தான் இருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"அடைச்சிட்டா... அவரு மேல எனக்கு வெறுப்புன்னு ஆயிராதாம்மா?"

பெர்னதெத் அம்மா கத்தியைச் சாக்கின் மேல் வைத்தாள்.

"வெயில் மேல வெறுப்பு இருந்தா, அந்தக் கொடி உச்சி வெயில்லயா பூக்கும்?"

வெளியே இருந்த கை பொறுமை இழந்துவிட்டது. கதவு ஒரு விரற்கடை உள்ளே வந்தது.

செலின் தோளைக் கொடுத்து அதைத் தள்ளினாள். பிள்ளையை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, மறுகையால் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். துருவேறி அது முரண்டு பிடித்தது. இன்னொரு முறை இழுத்தாள். வளையத்துக்குள் போய் விழுந்தது.