கார் காய்ச்சிய பறை

"அந்தப் பொண்ணோட பறை மழை ஈரத்துல தொய்ஞ்சு போச்சு. கம்ப்யூட்டர்ல இருக்கற பறையைப் போட்டு முடிச்சிடு."

ஸ்டுடியோ முதலாளி குலசேகரன் ஒலிப்பதிவாளரிடம் சொன்னது, தண்ணீர் குடிக்கப் போன அஞ்சுகத்தின் காதில் விழுந்தது. அவளே கட்டிய பாட்டு, அவளுடைய முதல் பதிவு. அதில் மெஷின் பறையா?

ஓடிப்போய்க் கேட்டாள். "கொஞ்சம் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினா கணீர்னு பேசும் சார்."

"நெருப்பா? வாசல்லகூட மூச்! நெருப்பில்லாம காய்ச்சு, உன் பறையையே வச்சுக்கலாம்" என்று சிரித்தபடி அவர் வெளியே வந்தார். போர்டிகோவில் அவருடைய கார் நின்றது.

பின்னாலேயே பறையோடு வந்தாள் அஞ்சுகம். "இதுவா சார் உங்க புது வண்டி? கிழவன் மாதிரி இருமுதுன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க."

"எவன் சொன்னான்?" குலசேகரன் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் உறுமியது.

கை வலிப்பதுபோல் பறையை பானெட்டின் மேல் தோல் படக் கவிழ்த்து வைத்தாள். "இன்னும் கொஞ்சம் சார்!"

அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் பறையை எடுத்து ஓங்கி ஒரு அடி அடித்தாள். போர்டிகோவே அதிர்ந்தது.

"நெருப்பே வைக்கலை சார்!"

குலசேகரன் இறங்கி பானெட்டைத் தொட்டார், வெடுக்கென்று கையை இழுத்தார். பிறகு அவளை உள்ளே அழைத்துப் போய், மைக்கைத் தன் கையாலேயே பறைக்கு நேராக நகர்த்தி வைத்தார்.