கழுவிக்கொண்டு வந்த கால்கள்

காலையில் கல்லூரி வாசலில் நிற்பது பிரதர் ராயப்பனின் வேலை. பாதிரியார் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்த அவரை ஓராண்டுப் பயிற்சிக்காக முதல்வர் ஃபாதர் சவரிநாதனிடம் அனுப்பியிருந்தார்கள். ஷூ போடாத மாணவனை உள்ளே விடக்கூடாது என்பது விதி. விதி என்று வந்துவிட்டால் பிரதர் படு கறார்.

பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போட்டிருந்தான் தண்டபாணி. மாலை போட்டவர்கள் செருப்புகூட அணிவதில்லை. வெறுங்காலோடு வந்தவனைப் பிரதர் வெளியே நிறுத்திவிட்டார். மதியம் அவனுக்குத் தேர்வு. எழுதாவிட்டால் ஒரு பருவமே போய்விடும். அவன் சண்டை போடவில்லை. எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துக்கொண்டான்.

பிரதருக்கு மனசு கேட்கவில்லை. முதல்வரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"ஒருத்தனை விட்டா நாளைக்கு எல்லாரும் வெறுங்காலோட வருவாங்க. நான் என்ன செய்யட்டும் ஃபாதர்?"

"பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துட்டீங்களா?" என்று கேட்டார் ஃபாதர்.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துச் செய்யும் சடங்கு அது. புனித வெள்ளிக்கு முந்தைய பெரிய வியாழனன்று மாணவர்கள் சொந்த ஊரில் இருப்பார்கள் என்பதால் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஒரு வாரம் முந்தியே வைப்பார்கள்; இந்த ஆண்டு அது அன்று காலைதான். பிரதர் நல்ல கத்தோலிக்கப் பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். அவர்களும் முன்கூட்டியே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி வந்திருந்தார்கள். ஒருவன் பவுடர்கூடப் பூசியிருந்தான். ஆண்டவரே நேரில் வந்திருந்தாலும் கழுவ அழுக்குக் கிடைத்திருக்காது.

ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதங்களையும் கழுவி முடித்தார். பேசினில் விழுந்த தண்ணீர் செம்பில் இருந்தபடியே தெளிவாக இருந்தது. ஃபாதர் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதைக் கொட்டிவிட்டு, தண்ணீர்ச் செம்பையும் பேசினையும் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் புங்கமரத்தடிக்கு நடந்தார். ஒன்றும் புரியாமல் துண்டோடு பின்னால் ஓடினார் பிரதர்.

தண்டபாணி பதறி எழுந்தான். காலெல்லாம் செம்மண், குதிகாலில் வெடிப்பு.

"கழுவட்டுமா சாமி?" என்றார் ஃபாதர். மாலை போட்டவரைச் சாமி என்று கூப்பிடுவது வழக்கம்.

"நீங்க போயி என் காலை..."

"நடந்து வந்த காலு. வேணாம்னா விட்டுடுறேன்."

அவன் கொஞ்சம் தயங்கிக் காலை நீட்டினான். எழுபதை நெருங்கும் மனிதர் வெள்ளை அங்கியோடு புழுதியில் மண்டியிட்டார். பேசினில் தண்ணீர் செக்கச்சிவந்தது.

ஃபாதர் துண்டை வாங்கி இரண்டு பாதங்களையும் ஈரம் போகத் துடைத்தார்.

"போங்க சாமி. பரீட்சைக்கு நேரமாச்சு."

தண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி உள்ளே போனான்.

"அப்ப விதி, ஃபாதர்?" என்று மெல்லக் கேட்டார் பிரதர்.

ஃபாதர் செம்பையும் பேசினையும் வாசல் தூணருகே வைத்தார். ஈரத் துண்டைப் பிரதரின் தோளில் போட்டார்.

"நாளைக்கும் கேட்டுல நீங்கதான பிரதர்?"